குருவிமலைத் தோட்டத்து ஹார்ட்காரர்கள்

பெரிய துரை உடனே வரச் சொல்கிறார் என்று ஆபீஸிலிருந்து ஆள் வந்தபோது, கணேசமூர்த்தி தேயிலைச் செடி வெட்டுகிற ஒரு கவ்வாத்துக்காரனின் கட்டைவிரலுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். பாதித் தையலில் எழுந்து போக அவருக்கு மனமில்லை. பக்கத்தில் நின்ற மருத்துவச்சி வேலாயி, "நீங்க போங்கய்யா, மிச்சத்த நான் போட்டுர்றேன்" என்று ஊசிக்குக் கை நீட்டினாள். அதைக் கேட்டதும் கவ்வாத்துக்காரன் மிச்சத் தையலே வேண்டாம் என்று எழுந்துகொண்டான். அவனைப் பிடித்து உட்காரவைத்து, கடைசி முடிச்சையும் போட்டுவிட்டுத்தான் கணேசமூர்த்தி கோட்டை மாட்டினார்.

வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் மேலே ஏறினால் குருவிமலைத் தோட்டம். அங்கே பதினான்கு வருசமாக அவர்தான் டிஸ்பென்சர். லயத்து வரிசைவீட்டு ஜனங்களுக்கு மருந்தய்யா. எந்த லயத்தில் யாருக்கு எந்த வருசம் என்ன வந்தது, எத்தனை நாள் படுத்தான், எப்போது எழும்பினான் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவார். அப்படிப்பட்ட மனுசனுக்கு ஆபீஸுக்குப் போவதென்றால் மட்டும் உள்ளங்கை வேர்க்கும். அது 1951ஆம் வருசத்திலிருந்து இருக்கிற வேர்வை.

துரைக்குத் தமிழ் தெரியும். சீமையிலிருந்து வந்த புதிதில் இங்கிலீசு எழுத்தில் அச்சடித்த ஏதோ ஒரு புத்தகத்தைப் பார்த்துப் படித்த தமிழ். அந்தப் புத்தகத்தில் ஏவல் வினை மட்டும்தான் இருந்திருக்க வேண்டும்.

"உட்கார், டிஸ்பென்சர்! படி! சந்தோசப்படு!" என்று ஒரு கடிதத்தை நீட்டினார்.

கொழும்பில் மருத்துவ ஆராய்ச்சி செய்கிற ஒரு குழு எழுதியிருந்தது. மலைநாட்டுத் தோட்டங்கள் மாதாமாதம் அனுப்புகிற நோய் விபரங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தார்களாம். இருதய நோயில் குருவிமலைத் தோட்டம் முதலாவதாக நிற்கிறதாம். பக்கத்துத் தோட்டத்தில் பன்னிரண்டு வருசத்தில் ஒன்பது பேர். குருவிமலையில் ஆயிரத்து நூற்றுப் பதினாறு தடவை. எதனால் இப்படி ஆகிறது, சாப்பாட்டாலா, புகையிலையாலா, வேலையாலா என்று டிஸ்பென்சரிப் பதிவுப் புத்தகங்களை வைத்து ஆராய்வதற்கு டொக்டர் இக்ராம் என்பவர் திங்கட்கிழமை வருகிறார். புத்தகங்களைப் பத்திரப்படுத்தி வைக்கவும்.

"குருவிமலை நம்பர் ஒன்!" என்றார் துரை. அந்தத் தோட்டத்துத் தேயிலைகூட ஒரு நாளும் எதிலும் முதலாவதாக வந்ததில்லை. "ஏன் இவ்வளவு ஹார்ட்? சொல்லு!"

"ஏத்தம் ஜாஸ்தி, சேர். ஏறி இறங்கி..."

"கொழும்பு டொக்டரிடம் சொல்லு! எல்லாம் காட்டு! போ!"

வெளியே வந்தால், வாசல் மேசையில் பெரிய கிளாக்கர் சின்னராசா. வடைத் தட்டை ஒரு கையாலும் மூக்குக்கண்ணாடியை இன்னொரு கையாலும் சரிசெய்துகொண்டு, "என்ன மருந்தய்யா, தோட்டத்துக்கே பேர் வாங்கிக் குடுத்துட்டீங்களாமே" என்றார். கணேசமூர்த்தி வேகமாகப் படியிறங்கினார்.

நடந்தது இதுதான். 1951இல் இருந்த துரை வேறு ஆள். சிவப்புப் பென்சில் இல்லாமல் அவர் எந்தக் காகிதத்தையும் தொடமாட்டார். அந்த வருசம் ஆனி மாதத்து மழையில் லயம் முழுக்க வயிற்றுப்போக்கு. மாத அறிக்கையில் கணேசமூர்த்தி டயரியா என்று நாற்பது தடவை எழுதினார். நாற்பது தடவையும் வேறு வேறு மாதிரி எழுதினார். பொல்லாத சொல் அது. டீயில் தொடங்கி ஏயில் முடிகிறது என்பதுவரைக்கும் அவருக்குச் சந்தேகமில்லை. நடுவில் எத்தனை ஆர், எச் எங்கே, ஓ முந்தியா ஈ முந்தியா என்பதெல்லாம் அந்தந்த நேரத்து மனநிலையைப் பொறுத்தது. துரை நாற்பதுக்கும் சிவப்பு வளையம் போட்டு, ஆபீஸுக்குக் கூப்பிட்டு, கிளாக்கர்மார் கணக்கப்பிள்ளைமார் எல்லாருக்கும் முன்னால் எழுத்துக்கூட்டச் சொன்னார். கணேசமூர்த்தி மூன்று தரம் கூட்டினார். மூன்றும் மூன்று வியாதியாக வந்தது. அப்போது சின்னக் கிளாக்கராக இருந்த சின்னராசா, மேசைக்கடியில் விழுந்த பென்சிலை எடுப்பது போலக் குனிந்து ஐந்து நிமிசத்துக்கு நிமிரவே இல்லை.

மறுநாள் காலையில் காவல்காரன் ஆண்டியப்பன் டிஸ்பென்சரிக்கு வந்தான். "நேத்திலேருந்து எட்டு வாட்டி போய்ட்டு வந்துட்டேங்க. ஓடி ஓடி நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுங்க" என்றான். பேனை அந்தரத்தில் நின்றது. நெஞ்சு அடிக்கிறதென்று அவன்தானே சொல்கிறான்? அதை எழுதினால் பொய்யாகிவிடுமா? ஹார்ட் என்று எழுதினார். இங்கிலீசில் ஐந்தே எழுத்து. சிவனடியார்களுக்கு ஓர் ஐந்தெழுத்து இருப்பது போல அன்றைக்குக் கணேசமூர்த்திக்கும் ஒன்று கிடைத்தது. அந்த மாத அறிக்கையில் ஒரு சிவப்பு வளையம்கூட இல்லை.

அதற்குப் பிறகு கை அதுவாகவே போனது. ஜனங்களும் ஒத்தாசை செய்தார்கள். ஒருவனுக்கு நெஞ்சு எரிகிறது, ஒருத்திக்கு நெஞ்சில் சளி, இன்னொருத்திக்குச் சோறு நெஞ்சை விட்டு இறங்கவில்லை, மற்றவனுக்கு மகன் கொழும்புக்கு ஓடிப்போனதில் நெஞ்சு வெடிக்கிறது. எல்லாம் நெஞ்சு. நிமோனியா என்பது வாயால் சொல்லாத எழுத்தை முதலில் எழுதச் சொல்கிற நோய்; அதுவும் ஹார்டுக்குள் போனது. மூட்டுவாதம் எழுத்தில் இன்னும் மோசம், அதுவும் போனது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: மருந்தில் அவர் ஒரு நாளும் பிழை விட்டதில்லை. பேதிக்குப் பேதி மருந்து, சளிக்குச் சளி மருந்து. நோயின் பேர்தான் பிழை. பேரை யார் குடிக்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டார்.

திங்கட்கிழமை டொக்டர் இக்ராம் வந்து இறங்கினார். முப்பது வயது, ஒல்லி, கழுத்தில் மஃப்ளர். ஹட்டனில் புடைவைக்கடை வைத்திருக்கிற நஸார் முதலாளியின் மகன்தான் என்று தெரிந்ததும் கணேசமூர்த்திக்கு இன்னும் பயம் கூடியது. வெளியூர் ஆளாக இருந்தால் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். இது இந்தக் குளிரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. நிறை பார்க்கிற தராசு, அளவு நாடா, கையில் துணியைச் சுற்றிக் காற்றடித்துப் பிரஷர் பார்க்கிற பெட்டி, பிறகு ஏழு அட்டைப் பெட்டி நிறைய வெறும் அட்டைகள் எல்லாம் லொறியிலிருந்து இறங்கின.

டொக்டர் முதல் புத்தகத்தைத் திறந்தவுடன் "அல்லாஹ்வே!" என்றார்.

கணேசமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன ஒரு கையெழுத்து! மிஸ்டர் கணேசமூர்த்தி, நான் முப்பது தோட்டத்துப் புத்தகம் பாத்துட்டேன். எல்லாம் கோழி கிண்டின மாதிரி. இது அச்சு மாதிரி இருக்கு. ஒரு ஸ்பெல்லிங் பிழைகூட இல்ல."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தும் விட்டார். "தேத்தண்ணி குடிக்கிறீங்களா டொக்டர்?" என்றுதான் வந்தது.

அட்டைகளை டொக்டர் ஒரு வாரமாக ஒவ்வொன்றாக நிரப்பினார். ஹார்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. பேர், வயது, நிறை, வெற்றிலை போடுவாரா, புகையிலை உண்டா, உப்பு எவ்வளவு, சாராயம் எவ்வளவு, எந்தெந்தத் தேதியில் ஹார்ட். "இந்தப் பழக்கங்கள்ல எது இருக்கிறவங்களுக்கு நெஞ்சு வருத்தம் கூட வருதுன்னு பாத்தா, நாளைக்கு வரப்போறவங்களுக்கு முந்தியே சொல்லி வைக்கலாம். அதுதான் விசயம். புத்தகம் ஒழுங்கா இருந்தாப் போதும், ஊசியே தேவையில்ல" என்று அவர் கண் மின்னச் சொன்னபோது, கணேசமூர்த்திக்கு அந்தப் பையன்மேல் பாசமும் தன்மேல் அருவருப்பும் ஒன்றாக வந்தன.

ஏழு அட்டைப் பெட்டிகளையும் வேலாயி பார்த்திருந்தாள். அவை பால்மா டின் வருகிற பெட்டி அளவில் இருந்தன. அவள் மலையூற்றுத் தண்ணீர் விழுகிற பீலியில் நின்று யாரிடமோ சும்மா ஒரு வார்த்தை விட்டாள். மறுநாள் காலை டிஸ்பென்சரி முற்றத்தில் இருநூறு பேர். நெஞ்சுவலிக்காரருக்கு ஆளுக்கொரு டின் என்று பேச்சு.

"எங்க வலிக்குது?" என்று கேட்டார் டொக்டர், முன்னால் நின்ற பெண்ணிடம்.

"இந்தாங்க, இங்கிட்டு."

"அது வலது பக்கம். நெஞ்சு இடது பக்கம்மா."

"அப்ப அங்கிட்டுந்தாங்க."

அடுத்தது சின்னத்தம்பி. பேரில்தான் சின்ன, ஆள் கதவு அகலம். "நம்மளுக்கு நெஞ்சுவலி தீவாளியோட முழங்காலுக்கு எறங்கிருச்சுங்க. ஆனா நெஞ்சுவலிதாங்க. எனக்கு அடையாளம் தெரியும்" என்றான்.

டொக்டர் பொறுமையாக இருநூறு பேருக்கும் குழாய் வைத்தார், துணி சுற்றிக் காற்றடித்தார், இரண்டு நாளாக. மூன்றாம் நாள் அவர் முகம் மாறியிருந்தது. "இவங்க இருதயமெல்லாம் மணிக்கூடு மாதிரி அடிக்குது. அறுபது வயசு ஆளுக்கு இருபது வயசுப் பிரஷர். பன்னெண்டு வருசம் ஹார்ட் நோயாளி இப்படி இருக்க ஏலாதே" என்று மோவாயைத் தடவினார். பிறகு ஆபீஸிலிருந்து மழை அளவு குறிக்கிற புத்தகத்தை வாங்கி வரச் செய்து, ஒரு பெரிய தாளில் கோடு போட ஆரம்பித்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. நாலு மணிக்கு உள்ளேயிருந்து ஒரு கூச்சல்.

"மிஸ்டர் கணேசமூர்த்தி! ஓடி வாங்க! மழை! மழைதான் காரணம்! பாருங்க, மழை ஏறினா ரெண்டாம் நாள் ஹார்ட் ஏறுது. மழை விட்டா ஹார்ட் விட்டிருது. உலகத்துல ஒருத்தரும் இத இதுவரைக்கும் கண்டுபிடிக்கல!"

உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான் டொக்டர், மழை பெய்தால் பேதி வரும் என்று கணேசமூர்த்தி மனசுக்குள் சொன்னார். வெளியே, "ஆமாங்க டொக்டர்" என்றார். தாளில் இரண்டு கோடுகளும் கைகோத்துக்கொண்டு ஏறி இறங்கின. அழகாகத்தான் இருந்தது.

சங்கதி துரைக்குப் போனது. துரை அன்றைக்கே ஜீப்பில் வந்து, ஜீப்பை விட்டு இறங்காமலே உத்தரவு போட்டார். "ஹார்ட் ஆளுக்கு மலையேற்றம் ஆகாது. மலையில் செத்தால் எனக்குத் தொல்லை. லிஸ்ட் எழுது, டிஸ்பென்சர்! எல்லாப் பேரும் வெட்டு!"

பேர் வெட்டு என்றால் தோட்டத்தில் ஒரே அர்த்தம்தான். வேலை இல்லை. வேலை இல்லையென்றால் லயத்தில் குடியிருக்கிற காம்பராவும் இல்லை. இருநூற்றுப் பதினான்கு பேர்.

அன்று மாலைக்குள் தோட்டம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. விடிந்ததும் டிஸ்பென்சரி வாசலில் நடந்ததைக் கணேசமூர்த்தி சாகிறவரைக்கும் மறக்கவில்லை. சின்னத்தம்பி இரண்டு உர மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏத்தத்தில் ஓடினான், மேலே போய்த் திரும்பி இறங்கி, "பாத்தீங்களாய்யா? மூச்சு வாங்குதா? வாங்கலயே!" என்று வாங்கிய மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டு, மறுபடியும் ஓடினான். மூன்று நாளைக்கு முன் இரண்டு பக்கமும் வலித்த பெண் இடுப்பில் ஒரு பிள்ளை, தலையில் விறகுக் கட்டோடு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஆண்டியப்பனுக்கு இப்போது அறுபத்திரண்டு வயசு. அவன் வேலியைத் தாண்டிக் காட்டினான். இரண்டாம் தரம் தாண்டும்போது வேட்டி முள்ளில் மாட்டிக்கொண்டது.

வேலாயி இதையெல்லாம் பார்த்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அய்யா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"எத?"

"எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க. ஆனா பேதி மருந்து ஊத்துனாலும் சளி மருந்து ஊத்துனாலும் நீங்க எழுதுறது ஒரே சின்னச் சொல்லா இருக்கேன்னு பன்னெண்டு வருசமா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். அய்யாவுக்கு மருந்து தெரியும், எழுத்து தெரியாதுன்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

கணேசமூர்த்தி கையிலிருந்த சீசாவை மூடி வரிசையில் வைத்தார். பிறகு டொக்டரின் அறைக்குப் போனார். டொக்டர் கட்டுரைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தார்.

"டொக்டர், அது ஹார்ட் இல்லீங்க."

"எது?"

"எல்லாமே. அனேகமா பேதி. கொஞ்சம் சளி. கொஞ்சம் மூட்டுவாதம். எனக்கு டயரியாவுக்கு ஸ்பெல்லிங் வராது, டொக்டர். 1951இலிருந்து வராது."

டொக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். தாளில் இருந்த மழைக் கோட்டைப் பார்த்தார். கணேசமூர்த்தியைப் பார்த்தார். எழுந்து வெளியே போய், டிஸ்பென்சரியை இரண்டு தரம் சுற்றி வந்தார். நடுவில் சின்னத்தம்பி மூட்டையோடு குறுக்கே ஓட, இருவரும் முட்டிக்கொண்டார்கள். திரும்பி உள்ளே வந்தபோது டொக்டரின் காதெல்லாம் சிவந்திருந்தது.

"பதினொரு நாள்! எண்ணூறு அட்டை! நீங்க ஒரு சொல்லுக்குப் பயந்து... சரி, புத்தகத்துல தமிழ்லயாவது எழுதியிருக்கலாமே?"

"துரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுங்க."

"எனக்குத் தெரியுமே!"

"நீங்க வருவீங்கன்னு தெரியாதுங்களே, டொக்டர்."

டொக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கணேசமூர்த்தி பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினார். தண்ணீரோடு வந்தால் டொக்டர் மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் புத்தகத்தை இழுத்தார். சோதிக்கிற குரலில், "ஆண்டியப்பன். 1951, ஜூலை ரெண்டு" என்றார்.

"பேதி. எட்டு தடவை. மூணாம் நாள் சொகமாச்சு."

"சின்னத்தம்பி. 1954, ஒக்டோபர்."

"தேன் எடுக்கப் போயிக் குளவி கொட்டிச்சு. நாப்பத்தஞ்சு எடத்துல. மூஞ்சி பூசணிக்காய் மாதிரி."

"அதுக்கு ஏன் ஹார்ட்?"

"குளவிக்கு என்ன போடுறதுன்னு தெரியல, டொக்டர்."

"இது, 1957, மே... முப்பத்தொரு பேர் ஒரே நாள்ல?"

"திருவிழாவுக்கு மறுநாள். பொங்கச்சோறும் அசதியும். லீவு துண்டு கேட்டு வந்தாங்க."

டொக்டர் பதினைந்து பக்கம் கேட்டார். ஒரு பேருக்குக்கூடக் கணேசமூர்த்தி தடுமாறவில்லை. யாருக்கு எந்த மருந்து எத்தனை அவுன்ஸ் கொடுத்தார் என்பதுவரைக்கும் வந்தது. பதினாறாம் பக்கத்தில் டொக்டர் புது அட்டைப் பெட்டியை உடைத்தார். "இருங்க. முதல்லேருந்து வருவோம். நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்."

நாலு நாள் அப்படி நடந்தது. வேலாயி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு நடுநடுவே திருத்தம் சொன்னாள். கணேசமூர்த்திக்குப் பன்னிரண்டு வருசச் சுமை பக்கம் பக்கமாக இறங்கியது. குரல்கூடக் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் டொக்டர், "காளியாயி, ஏழாம் நம்பர் லயம். 1958லேருந்து ஒன்பது தடவை" என்றார்.

கணேசமூர்த்தி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். டொக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"இது ஹார்ட்தாங்க" என்றார் கணேசமூர்த்தி. "சின்ன வயசுல காச்சலும் மூட்டு வீக்கமும் வந்த பொண்ணு. மூணாவது பிள்ளை பொறந்தப்புறம், படுத்தா மூச்சு முட்டுதுன்னா. குழாய வச்சுக் கேட்டேன். பீலித்தண்ணி கல்லுல விழுற மாதிரி ஒரு சத்தம். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு, சோதனைக்கு வர்ற டொக்டர்கிட்ட புத்தகத்தக் காட்டினேன். அவர் பொரட்டிப் பாத்தாரு. அந்தப் பக்கத்துல எல்லாருமே ஹார்ட். இவ என்ன தனின்னு கேட்டுட்டுப் போய்ட்டாரு." திரும்பி வந்து அந்தப் பக்கத்தை விரலால் தடவினார். "நான் திரும்பச் சொல்லல, டொக்டர். சொன்னா மத்ததெல்லாம் வெளிய வந்துரும்" என்றார்.

இந்தத் தடவை டொக்டர் சிரிக்கவில்லை. "அவங்க முற்றத்துக்கு வரலயே?"

"வரலீங்க" என்றாள் வேலாயி வாசலிலிருந்து. "லிஸ்ட்ல பேர் வந்துருமுன்னு மேமலையில ஒளிஞ்சு நிக்கிறா. நெசமா நோவு உள்ளவ அவ ஒருத்திதான். அவதான் வாயத் தெறக்கல."

டொக்டர் உடனே கிளம்பினார். மேமலை என்பது செங்குத்தான ஏத்தம். டொக்டர் பாதி வழியில் இரண்டு தரம் நின்றார். கணேசமூர்த்தி ஆறு தரம் நின்றார்; ஏழாம் தரம் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். பதினான்கு வருசமாக ஜனங்கள்தான் அவரிடம் இறங்கி வந்திருக்கிறார்கள், அவர் ஏறியதில்லை.

காளியாயி கூடையை இறக்காமல் நின்றாள். முப்பத்து நாலு வயசு, உதட்டில் லேசான நீலம். "எனக்கொண்ணும் இல்லீங்க. நல்லாருக்கேன். கணக்கப்பிள்ளைய வேணும்னாக் கேளுங்க" என்று அவசரமாகச் சொன்னாள். அந்த மூன்று வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு தரம் மூச்சு வாங்கினாள். டொக்டர் அங்கேயே, செடிகளுக்கு நடுவில், குழாயை வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். பிறகு, "தங்கச்சி, உங்க பேர யாரும் வெட்ட மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு. ஆனா நாளைக்கு என்னோட பெரியாஸ்பத்திரிக்கு வரணும்" என்றார். இறங்கும் வழியில் கணேசமூர்த்தியைத் திரும்பிப் பார்த்து, "கீழ போனதும் உங்க கையையும் குடுங்க, பிரஷர் பாக்கணும்" என்றார்.

டிஸ்பென்சரியில் துணியைச் சுற்றிக் காற்றடித்தபோது பாதரசம் டொக்டர் எதிர்பார்த்த இடத்தில் நிற்காமல் மேலே போய்க்கொண்டே இருந்தது. டொக்டர் புருவத்தை உயர்த்தினார். "இது தோட்டத்துல முதல் தடவையா ஒரு ஒழுங்கான ஹை பிரஷர்" என்றார். "ஆபீஸ்ல இருக்கிறவங்க யாரையாவது நான் பாத்தேனா?"

பார்க்கவில்லை. அவர்கள் யாருடைய பேரும் புத்தகத்தில் இல்லை. உத்தியோகத்தர்மார் தும்மினால்கூட நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்.

அடுத்த இரண்டு நாளில் டொக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கும் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் போனார். ஒவ்வொருவருக்கும் அதே கேள்விகள்: நிறை, உப்பு, நெய், சுருட்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு நடை. சின்னராசா, "எனக்கெதுக்கு டொக்டர், நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். துணி அவர் கையைச் சுற்றி வரப் போதவில்லை. எப்படியோ கட்டிக் காற்றடித்தார்கள். டொக்டர் எண்ணைச் சொன்னதும் பெரிய கிளாக்கர் வடைத் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

சனிக்கிழமை துரை முன்னால் பட்டியல் வைக்கப்பட்டது. கணேசமூர்த்தியும் நின்றார், நிற்கச் சொல்லி டொக்டர் கூட்டிவந்திருந்தார். நடந்ததையெல்லாம் டொக்டர் இங்கிலீசில் விளக்கிச் சொன்னார். பதிவுகளை டிஸ்பென்சரே முன்வந்து திருத்திக் கொடுத்தார் என்று அழுத்தியும் சொன்னார். பிறகு, "நீங்க கேட்டபடி, இருதய ஆபத்து உள்ளவங்க லிஸ்ட். இருநூற்றுப் பதினாலு பேர் இல்ல. ஆறு பேர்" என்றார்.

துரை கீழிருந்து மேலே வாசித்தார். ஆறாவது, காளியாயி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பிறகு இருந்து செய்கிற வேலை கொடுக்க வேண்டும். ஐந்தாவது, டிஸ்பென்சர். நாலாவது, மலைவேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா. மூன்றாவது, ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர். இரண்டாவது, பெரிய கிளாக்கர். முதலாவது பேரில் துரையின் விரல் நின்றுவிட்டது. அது அவருடைய சொந்தப் பேர்.

இவர்களுடைய பேரை எல்லாம் வெட்டினால் தோட்டத்தில் வெட்டுவதற்கு உத்தரவு போடக்கூட ஆளிருக்காது.

"நான்..." என்றார் துரை. அவருடைய தமிழில் அடுத்தவரிடம் உத்தரவு கேட்ட முதல் வாக்கியம் அது. "நான் என்ன செய்யணும்?"

"ஜீப்ப விட்டு இறங்கி நடக்கணும், சேர்" என்றார் டொக்டர்.

அதன்பின் நடந்ததைக் குருவிமலையில் வெகுகாலம் சொல்லிச் சிரித்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்ததும் துரை கைத்தடியோடு மேமலை ஏத்தத்தில் ஏறுவார். இருபது அடி பின்னால் கண்டாக்கையா, அவருக்குப் பின்னால் டீமேக்கர், அப்புறம் கணேசமூர்த்தி, கடைசியில் வெகு தூரத்தில் ஒரு குடையும் அதற்குக் கீழே சின்னராசாவும். யாரும் யாரோடும் பேசுவதில்லை; பேச மூச்சில்லை. கொழுந்து பறிக்கிற பெண்கள் அவர்களைக் கூடையோடு தாண்டிப் போகும்போது, "வெரசா வாங்கய்யா, மேகம் கறுக்குது" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, வளைவைத் தாண்டிய பிறகுதான் சிரிப்பார்கள்.

கணேசமூர்த்திக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. வேலை போகவில்லை. டொக்டரின் மழைக் கோடும் வீணாகவில்லை. ஹார்ட் என்று இருந்த இடத்தில் பேதி என்று போட்டுப் பார்த்தபோது, மழைக்கு இரண்டாம் நாள் பேதி வருவது ஏழு, எட்டு, ஒன்பதாம் நம்பர் லயங்களில்தான் என்று தெரிந்தது. மூன்றுக்கும் தண்ணீர் ஒரே பீலியிலிருந்து; பீலிக்கு மேலே மாட்டுப்பட்டி. துரை அவரே நடந்து போய் அதைப் பார்த்தார். பட்டியைக் கீழே மாற்றி, ஊற்றுக்கு மூடி கட்டினார்கள். அடுத்த ஆனி மாதம் டிஸ்பென்சரி வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. வேலாயி நாள் முழுக்க வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்து, பொழுது போகவில்லை என்று குறைப்பட்டாள்.

காளியாயி இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாள். வியாதி முழுக்கப் போகவில்லை; போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் படுத்தால் தூக்கம் வந்தது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். கணேசமூர்த்தி அங்கே போக மூன்று வாரம் தள்ளிப்போட்டார். கடைசியில் ஒரு நாள் மாத்திரையைக் கொடுக்கிற சாக்கில் போனார். அவள் ஒரு தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டு, கையால் இன்னொரு பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"காளியாயி, ஹார்ட்டுக்கு எங்கிட்ட மருந்து இல்ல. அஞ்சு வருசமா உனக்கு வெறும் கலர்த்தண்ணியத்தான் ஊத்திக் குடுத்துக்கிட்டிருந்தேன்" என்றார். வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த மற்ற வார்த்தைகள் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. "அது தப்பு."

அவள் கஞ்சிக் கரண்டியை நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

"தெரியுங்கய்யா. அதக் குடிச்சு ஒரு நாளும் மூச்சு வாங்குறது நிக்கல" என்றாள். "ஆனா இனிப்பா இருந்துச்சுங்க. அதுக்குத்தான் வந்துக்கிட்டிருந்தேன். இப்ப குடுக்கிற மாத்திரை ஒரே கசப்பு."

பிறகு, அவர் போகாமல் நிற்பதைக் கண்டு, "சும்மாதான நிக்கிறீங்க, அந்தப் பக்கத்துத் தொட்டில செத்த ஆட்டுங்கய்யா" என்றாள். கணேசமூர்த்தி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, உட்கார்ந்து ஆட்டினார்.